மகிமை: ஒரு சிறுவரியின் அரசியல்

ராஜபாளையத்துக்குத் தெற்கே செட்டியார்பட்டி, தளவாய்புரம் என்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை வரை பயணம் செய்கிற எவர் கண்ணிலும் ஒரு சொல் திரும்பத் திரும்பப் படும். பள்ளிக்கூடச் சுவரில், திருமண மண்டபத்தின் முகப்பில், கோயில் வாசலில் அது எழுதப்பட்டிருக்கும்: இன்ன 'உறவின்முறைக்குப் பாத்தியப்பட்டது'. அரசாங்கத்துக்கும் தனிமனிதருக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் உடைமையாளர் உண்டு என்பதை இந்த வட்டாரத்தின் சுவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

அரசியல் பாடநூல்களில் இந்த மூன்றாமவருக்கு 'நலக்குழு' என்றும் 'அழுத்தக்குழு' என்றும் பெயர். ஆட்சியைத் தானே பிடிக்க முயலாமல், ஆட்சியில் இருப்பவரிடமிருந்து தனக்கு வேண்டியதைப் பெற முயலும் அமைப்பு என்று அதற்கு இலக்கணம் சொல்வார்கள். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வரும். நம் அன்றாடப் பேச்சிலோ இதற்கு 'சாதிச் சங்கம்' என்ற ஒரே பெயர்தான். அதை இளக்காரம் கலக்காமல் உச்சரிப்பது அரிது. ஆனால் லாயிட் ருடால்ஃப், சூசன் ருடால்ஃப் தம்பதியர் 1967இல் வெளியிட்ட நூலிலும், ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் நாடார் சமூகத்தைப் பற்றி எழுதிய நூலிலும் நவீன அரசியலின் ஒரு முக்கியமான பாடத்தைத் தேடி வந்தது இந்தக் கரிசல் பூமிக்குத்தான். அந்தப் பாடம் நமக்கு எந்த அளவுக்குப் பயன்படும் என்பதை இங்கே பார்க்க விரும்புகிறோம்.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையின் தெற்கிலிருந்து வணிகத்துக்காக வடக்கே நகர்ந்த நாடார்கள் ராமநாதபுரம் சீமையின் ஆறு ஊர்களில் நிலைகொண்டனர்: சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை. விருதுபட்டியே இன்றைய விருதுநகர். கருப்பட்டி, கருவாடு, உப்பு, பிறகு பஞ்சு, புகையிலை என்று மாட்டுவண்டிகளில் சரக்குகள் போய்வந்தன. வழிப்பறிக்கு அஞ்சிய வண்டிகள் இரவில் தங்குவதற்கு மதில் சூழ்ந்த இடங்கள் வேண்டியிருந்தன. அவை பேட்டைகள். பேட்டைக்குள் நுழையும் சரக்கின்மீது ஒரு சிறு தொகை வசூலிக்கப்பட்டது. அதற்குப் பெயர் மகிமை.

மகிமை நன்கொடையாகத் தொடங்கியிருக்கலாம். நடைமுறையில் அது ஒரு வரி. சரக்கு கைமாறும் இடத்திலேயே எடுத்துக்கொள்ளப்பட்டதால் யாரும் தப்பமுடியாது. தொகை சிறியது என்பதால் யாருக்கும் வலிக்காது. வசூல் குடும்பத் தலைவர்கள் கூடிய உறவின்முறையின் பொதுநிதியில் சேரும். வரவுசெலவு எல்லார் முன்னிலையிலும் வைக்கப்படும். அந்தப் பணத்திலிருந்து கிணறு வெட்டினார்கள், கோயில் கட்டினார்கள், வழக்கு நடத்தினார்கள், பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். விருதுநகரின் சத்திரிய வித்யாசாலை அப்படிப் பிறந்ததுதான். வீடுதோறும் நாளொன்றுக்கு ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து அந்தப் பள்ளியை நடத்தினார்கள் என்பதை ஊர் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. பின்னாளில் தமிழ்நாட்டின் முதல்வரான காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்.

ஒரு சிறுவரி, ஒரு பொதுநிதி, ஒரு கணக்கு, ஒரு கூட்டம். ஓர் அரசாங்கத்துக்கு வேண்டியவற்றில் படையைத் தவிர மற்றெல்லாம் இதில் இருந்தன. ஆள்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் மனுக்கொடுக்கப் போவதற்கு முன்பே தங்களுக்குள் ஆளப் பழகிக்கொண்டவர்கள் இவர்கள். ஒரு நலக்குழுவின் வலிமை அது அரசிடம் எழுப்பும் குரலில் தொடங்குவதில்லை. தன் உறுப்பினரிடம் பணம் கேட்கவும், அந்தப் பணத்துக்குக் கணக்குக் காட்டவும் அதற்கு இருக்கும் திராணியில் தொடங்குகிறது.

*

ஆனால் பணம் சேர்ந்தது, மரியாதை சேரவில்லை. கோயிலுக்குள் நுழைய அனுமதியில்லை. சில ஊர்களில் தெருக்களிலும் தடை. 1874இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைவதற்கு எடுக்கப்பட்ட முயற்சி தோற்றது. மிகப்பெரிய சோதனை கமுதியில் நடந்தது. 1897 மே 14 அன்று இருளப்ப நாடார் தலைமையில் ஒரு குழுவினர் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டனர். கோயிலின் பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்குத் துணைநின்ற அதே சேதுபதிதான்.

வழக்கில் நாடார் தரப்பு முன்வைத்த வாதத்தைக் கவனிக்கவேண்டும். எல்லாருக்கும் கோயில் பொது என்று அவர்கள் வாதிடவில்லை. தாங்கள் பாண்டியர் வழிவந்த சத்திரியர்கள், தங்களைத் தாழ்ந்தவர்களோடு சேர்த்தது தவறு என்றார்கள். வேலியைத் தகர்க்க அவர்கள் கேட்கவில்லை. தங்களை வேலிக்கு உள்ளே எடுத்துக்கொள்ளும்படி கேட்டார்கள். 1899 ஜூலையில் மதுரை சார்பு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கோயிலைச் சுத்திகரிக்கும் சடங்குக்கான செலவும் அவர்கள் தலையில் விழுந்தது. 1901இல் சென்னை உயர்நீதிமன்றமும், 1908இல் லண்டனின் பிரிவி கவுன்சிலும் அந்தத் தீர்ப்பையே உறுதிசெய்தன. வழக்கம் என்ற ஒற்றைச் சொல்லின்முன் பொதுநிதியும் வழக்கறிஞர்களும் தோற்றுப்போனார்கள்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே ஊர்கள் எரிந்தன. சிவகாசி விசுவநாதர் கோயில் நுழைவைச் சுற்றி எழுந்த பகை 1899 ஜூன் 6 அன்று பெருந்தாக்குதலாக வெடித்தது. திருநெல்வேலி மாவட்டம் முழுவதும் கலவரம் பரவியது. வீடுகள் நூற்றுக்கணக்கில் கொளுத்தப்பட்டன. இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அந்தக் கோடைகாலத்தின் நினைவு இந்த வட்டாரத்தின் வாய்மொழியில் இன்றும் 'சிவகாசிக் கொள்ளை' என்ற பெயரில் நிற்கிறது. பழைய பகைகளைக் கிளறுவது நம் நோக்கமன்று. நிதியும் ஒழுங்கும் உள்ள ஒரு குழு, ஊர் ஊராகத் தனித்தனியே நின்றால் எவ்வளவு பலவீனமானது என்பதை 1899உம் 1908உம் சேர்ந்து கற்றுக்கொடுத்தன என்பதே நமக்கு முக்கியம்.

*

அந்தப் பாடத்தின் விளைவு 1910இல் வந்தது. தஞ்சை மாவட்டத்துப் பொறையாறில் ராவ் பகதூர் தி. ரத்தினசாமி நாடார் கூட்டிய மாநாட்டில் நாடார் மகாஜன சங்கம் பிறந்தது. ஊர் உறவின்முறைகள் அப்படியே இருந்தன. அவற்றுக்கு மேலே மாகாணம் தழுவிய ஓர் அமைப்பு, ஆண்டு மாநாடு, தீர்மானங்கள், அச்சிட்ட அறிக்கைகள் என்று புதியதொரு மொழி உருவானது. ருடால்ஃப் தம்பதியர் சுட்டிக்காட்டுவது இந்த மாற்றத்தைத்தான். பிறப்பால் சேர்ந்திருந்த ஒரு கூட்டம், விருப்பத்தால் சேரும் ஒரு சங்கமாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது. சந்தா கட்டினால்தான் உறுப்பினர். தேர்தலில் வென்றால்தான் செயலாளர். சாதி என்ற பழைய துணியில் தைக்கப்பட்டிருந்தாலும் சட்டை புதியது.

சங்கம் முதலில் கையிலெடுத்தது பெயரை. அரசு ஆவணங்களிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் 'சாணார்' என்று எழுதப்பட்டதை மாற்றி 'நாடார்' என்று எழுதவேண்டும் என்று அது மனுமேல் மனு போட்டது. 1921 ஜூலையில் சென்னை அரசு அதற்கு இணங்கி ஆணையிட்டது. பிரிவி கவுன்சில் வரை சென்று கிடைக்காத ஒன்றை, அதற்கு அருகில் உள்ள ஒன்றையாவது, ஒரு மனு பெற்றுத்தந்தது. நீதிமன்றம் கடந்தகால வழக்கத்தைப் பார்த்துத் தீர்ப்பளித்தது. ஆனால் மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்துக்குப் பின் வந்த அரசு வருங்கால வாக்குகளைப் பார்க்கவேண்டியிருந்தது. வாக்குரிமை விரியத்தொடங்கியதும் சங்கங்களின் மனுக்களுக்கு எடை கூடியது.

அதே 1921 மே மாதத்தில் தூத்துக்குடியில் நாடார் வங்கி பதிவுசெய்யப்பட்டது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாற்றிக்கொண்டது. வங்கி தன் பெயரிலிருந்து சாதியை உதிர்த்துக்கொண்ட அந்த மாற்றத்தை நாம் குறித்துக்கொள்ளவேண்டும். கடன் வாங்க வருபவனும் வைப்பு வைக்க வருபவனும் எல்லாச் சாதியிலும் இருக்கும்போது, குறுகிய பெயர் வணிகத்துக்கே தடை. விருதுநகரில் 1947இல் தொடங்கிய செந்திக்குமார நாடார் கல்லூரியின் வகுப்பறைகளிலும் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். தன்னலத்துக்காகத் தொடங்கிய அமைப்புகள் தாம் வளர்ந்த வேகத்தாலேயே பொதுவாகிப்போன கதை இது.

மூன்றாவது வழி அரசியல். 1920இல் பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் சட்ட மேலவையில் நியமன உறுப்பினராக நுழைந்தார். நீதிக்கட்சிக்கும் சங்கத்துக்கும் இடையே பாலமாக இருந்தவர் அவர். ஆனால் சங்கத்தின் பேச்சாளராக மட்டும் அவர் நின்றுவிடவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரைப் பேருந்தில் ஏற்ற மறுக்கும் முதலாளிகளின் உரிமம் பறிபோகும் என்று ஆணையிட்டார். சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜார் அவர் பெயரால் அமைந்தது என்பதை அங்கே துணி வாங்கப் போகிறவர்களில் எத்தனைபேர் அறிவார்களோ!

கமுதி வழக்கின் வாதத்தோடு இதை வைத்துப் பார்க்கவேண்டும். 'நாங்கள் அவர்களைப்போல அல்லர்' என்று சொன்ன ஒரு சமூகத்திலிருந்து, முப்பது ஆண்டுகளில், 'அவர்களும் ஏறட்டும்' என்று ஆணையிடும் ஒருவர் வருகிறார். சமூகம் முழுவதும் மாறிவிட்டது என்று நாம் சொல்லவரவில்லை. சத்திரியப் பெருமை பேசியவர்களும் சுயமரியாதை பேசியவர்களும் ஒரே மாநாட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் இரண்டாவது குரல் ஒலிப்பதற்கு ஒரு மேடையாவது இருந்தது. அந்த மேடையைப் போட்டுக்கொடுத்தது சங்கம்.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் ஒரு சிறு குழுவை அழைத்துச் சென்றார். கக்கன் உள்ளிட்ட ஐந்து தாழ்த்தப்பட்டோரும், விருதுநகரைச் சேர்ந்த சண்முக நாடாரும் அதில் இருந்தனர். அதே ஆண்டில் ராஜாஜி அரசு கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பும் தந்தது. 1874இல் தனித்துச் சென்று தோற்ற அதே வாசல்! தங்களைவிடத் தாழ்ந்தவர்களாக எவரைக் கருதினார்களோ அவர்களோடு சேர்ந்து நடந்தபோதுதான் அது திறந்தது.

*

காமராஜர் எங்கே வருகிறார்? அவர் இந்தச் சங்கத்தின் பிள்ளை என்று சொன்னால் பாதி உண்மை. சங்கத்துக்கு வெளியே நின்றவர் என்று சொன்னால் மீதி. பிடி அரிசிப் பள்ளியில் படித்தவர்தான். ஆனால் விருதுநகரின் செல்வந்தர்களில் பலர் நீதிக்கட்சியின் பக்கம் நின்ற நாளில் இவர் காங்கிரசில் சேர்ந்தார். சொத்தில்லாத ஓர் இளைஞர், சொத்துள்ளவர்களின் நலக்குழுவை மீறித்தான் தன் ஊரிலேயே அரசியல் செய்யவேண்டியிருந்தது. 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானதும் 1954 ஏப்ரலில் முதல்வரானதும் சங்கத்தின் மனுவால் நடந்தவையல்ல. சங்கத்தவர் பலர் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தார்கள் என்பதே சரி.

1954ஆம் ஆண்டின் அந்த அமைச்சரவைப் பட்டியலை நிதானமாகப் படித்தால் ஒரு நூற்றாண்டின் வரலாறு அதில் தெரியும். எட்டே பேர். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சண்முக ராஜேசுவர சேதுபதி. கமுதி வழக்கைத் தொடுத்த பாஸ்கர சேதுபதியின் பேரன். எவருடைய முன்னோரைக் கோயிலுக்குள் விடக்கூடாது என்று தாத்தா வழக்காடினாரோ, அவருடைய அமைச்சரவையில் பேரன் அமர்ந்திருந்தார். அறநிலையத் துறை தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பி. பரமேசுவரனிடம் தரப்பட்டது. எந்தத் தீர்ப்பாலும் எட்டமுடியாத ஓர் இடத்தை அந்த ஒரு நியமனம் எட்டியது.

அதே பட்டியலில் எம்.ஏ. மாணிக்கவேலு, எஸ்.எஸ். ராமசாமி படையாச்சி என்ற இரண்டு பெயர்களும் உண்டு. இவர்கள் வட மாவட்டங்களில் வன்னியர் சங்கத்தின் வலிமையிலிருந்து கட்சிகளைக் கட்டியவர்கள். 1952 பொதுத்தேர்தலில் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் வென்றன. பிறகு இரண்டும் காங்கிரசில் கரைந்தன. நாடார் மகாஜன சங்கம் நிதியும் நிறுவனங்களும் சேர்த்தது, தானே கட்சியாகவில்லை. வன்னியர் சங்கம் வாக்குகளைச் சேர்த்துக் கட்சியானது. முதல்வகை மெதுவானது, ஆனால் பள்ளிகளும் வங்கியும் நின்றுவிட்டன. இரண்டாம் வகை விரைவானது, ஆனால் தலைவர்கள் அமைச்சர்களானதோடு அந்தக் கட்சிகளின் தனிக்கதை முடிந்தது. எண்ணிக்கை பலமா, நிதி பலமா என்ற கேள்வியைத் தமிழக அரசியல் இன்றும் விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறது.

நிதி பலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 1967இல் விருதுநகர் தொகுதியில் காமராஜர் தோற்றார். அவரை 1,285 வாக்குகளில் வென்றவர், இந்தி எதிர்ப்புப் போராட்டத்திலிருந்து வந்த மாணவர் தலைவர் பெ. சீனிவாசன். உறவின்முறையின் தலைநகர் என்று சொல்லத்தக்க ஊரிலேயே உறவின்முறையின் மிகப்பெரிய மகன் தோற்றார். எந்த நலக்குழுவும் தன் உறுப்பினரின் வாக்கைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

*

அமெரிக்க அரசமைப்பை விளக்கி 1787இல் ஜேம்ஸ் மாடிசன் எழுதிய கட்டுரை ஒன்று இந்தக் கேள்வியை நேராகச் சந்திக்கிறது. கோஷ்டிகளை ஒழிக்கமுடியாது, ஒழிக்க முயன்றால் சுதந்திரமும் சேர்ந்து ஒழியும் என்பது அவர் கட்சி. மருந்து, கோஷ்டிகள் பலவாக இருப்பதே. ஒன்றையொன்று அவை கட்டுப்படுத்திக்கொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1965இல் மான்கர் ஓல்சன் என்ற பொருளியலாளர் அதில் ஓர் ஓட்டையைக் காட்டினார். எல்லா நலன்களும் ஒரேபோல அமைப்பாகத் திரள்வதில்லை. சிலர் மட்டும் உள்ள குழு எளிதில் திரளும். பலர் சிதறிக் கிடக்கும் கூட்டம் திரளாது. ஏனென்றால், பலன் எல்லாருக்கும் கிடைக்கும் என்றால் செலவை ஏற்க ஒருவரும் முன்வரமாட்டார்.

மகிமை இந்தச் சிக்கலை ஓல்சனுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே அவிழ்த்துவிட்டது. சரக்கு இறங்கும் இடத்திலேயே பிடித்துக்கொண்டால் இலவசப் பயணி என்று ஒருவர் இருக்கமுடியாது. ஆனால் அதே காரணத்தால், சரக்கு வைத்திருப்பவரிடம்தான் மகிமை எடுக்கமுடியும். இங்கேதான் நம் மனம் உறுத்துகிறது. தேரிக்காட்டில் பனையேறிய நாடாருக்கும் பேட்டையில் தராசு பிடித்த நாடாருக்கும் சாதிப்பெயர் ஒன்று. ஆனால் நிதி பேட்டையில் சேர்ந்தது, குரலும் அங்கிருந்தே எழுந்தது. பனையேறியின் வாழ்வு அவ்வளவு விரைவாக மாறவில்லை.

தீப்பெட்டியின் கதையும் அப்படித்தான். 1920களில் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் ஒரு தொழிலையே உருவாக்கினார்கள். கையால் செய்யும் தீப்பெட்டிக்கு எந்திரத் தீப்பெட்டியைவிடக் குறைந்த கலால் வரி என்ற கொள்கை அதைக் காத்தது. வரிக்காக டெல்லி வரை சென்று பேச உற்பத்தியாளர்களுக்கு அமைப்புகள் இருந்தன. குச்சி அடுக்கிய குழந்தைகளுக்கு எந்த அமைப்பும் இல்லை. அவர்களுக்காக உச்சநீதிமன்றத்தில் பேசியவர் எம்.சி. மேத்தா என்ற டெல்லி வழக்கறிஞர். 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு, வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதியில் கட்டவேண்டும் என்றது. திரளமுடியாதவர்களுக்காக எங்கிருந்தோ ஒருவர் வரவேண்டியிருந்தது.

செட்டியார்பட்டி, தளவாய்புரம் வட்டாரத்துக்கு இந்தக் கேள்வி பழங்கதையன்று. தையல் எந்திரத்தின்முன் குனிந்து நைட்டி தைப்பவர்களும் விசைத்தறிகளில் நிற்பவர்களும் நிறைந்த பகுதி இது. தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. நூல் விலை ஏறினால் பேசுவதற்கு உற்பத்தியாளர்களால் கூட முடியும். வீட்டுத் திண்ணையில் தனித்தனியே உட்கார்ந்து தைக்கும் பெண்களின் சரக்கு எந்தப் பேட்டையிலும் இறங்குவதில்லை. அவர்களிடம் மகிமை எடுப்பது எப்படி? அவர்களுக்குக் கணக்குக் காட்டப்போவது யார்?

நலக்குழுக்கள் பொதுவாழ்வின் நோய் என்று சொல்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. பிடி அரிசியில் எழுந்த பள்ளிகளை அரசாங்கம் கட்டித்தரும் என்று காத்திருந்தால் மூன்று தலைமுறைகள் எழுத்தறியாமல் போயிருக்கும். அதேசமயம், அவையே மருந்து என்று சொல்பவர்களோடும் உடன்பாடில்லை. தன்னவருக்கு மட்டும் வாசல் கேட்ட வழக்கு பதினோரு ஆண்டுகள் நடந்து தோற்றது. பிறரோடு சேர்ந்து நுழைந்தபோது வாசல் ஒரே நாளில் திறந்தது. அந்த ஒரு நாளுக்கு ஊர் ஊராகப் பல்லாண்டு உழைப்பு தேவைப்பட்டது என்பதும் உண்மை.

ஆகவே ஒரு சங்கத்தை எடைபோட மூன்று கேள்விகள் போதும் என்று தோன்றுகிறது. அது யாரிடம் பணம் வாங்குகிறது? யாருக்குக் கணக்குக் காட்டுகிறது? தன் வாசலில் யாரை இன்னும் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது? முதலிரண்டுக்கு இந்தக் கரிசல் பூமியின் வணிகர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நல்ல விடை கண்டார்கள். மூன்றாவது கேள்வி, சுவரில் 'பாத்தியப்பட்டது' என்று எழுதிவைக்கும் ஒவ்வொரு அமைப்பின் முன்னும், அது எந்தச் சமூகத்தினுடையதாக இருந்தாலும், இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.